மொழி பழகுவோம்: "சாப்பிட்டாச்சோ?"

சென்ற இதழில் ஸ்பானிய மொழியில் வணக்கம் சொல்லவும் விலை கேட்கவும் பழகினோம். இம்முறை சாப்பாடு.

எங்கள் ஆட்கள் யாரைக் கண்டாலும் முதலில் கேட்பது "சாப்பிட்டாச்சோ?" என்றுதான். காலையோ இரவோ அந்த ஒரு சொல் போதும். ஸ்பெயினில் போதாது. இங்கே வேளைக்கொரு சொல். காலையில் "தெஸாயூனோ", பகல் இரண்டு மூன்று மணிக்குப் பெரிய சாப்பாடான "கொமீதா", பள்ளிவிட்டு வரும் பிள்ளைகளுக்கு "மெரியெந்தா", இரவு ஒன்பது மணிக்குப் பிறகு "தேனா". இந்தத் "தே"யை நுனிநாக்கைப் பற்களுக்கு இடையில் வைத்துச் சொல்ல வேண்டும்.

ஆகவே அயல்வீட்டு அம்மாவிடம் பகலில் "ஆ கொமீதோ?" என்றும் இரவில் "ஆ தெனாதோ?" என்றும் கேளுங்கள். அந்த "ஆ", எங்கள் "நீங்கள்" போல மரியாதைக்கு உரியது. சிநேகிதரிடம் "ஆஸ்" என்று சொல்லலாம். கொலம்பியா, பெரு நாட்டவர் பகலுணவை "அல்முவெர்ஸோ" என்பார்கள்.

முக்கியமான விடயம் இனித்தான். சைவக்காரர் பலர் "சின் கார்னே", அதாவது இறைச்சி வேண்டாம் என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். ஆனால் "கார்னே" என்றதும் இங்குள்ள பலருக்கு நினைவில் வருவது பெரிய இறைச்சித் துண்டுதான். உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடையான "ஹமோன்" அந்தக் கணக்கில் சேராமல் போய்விடும். "லென்தேஹாஸ்" எங்கள் பருப்புக் கறி போலவே இருக்கும். உள்ளே "சொரீதோ" எனும் பன்றியிறைச்சித் துண்டுகள் கிடக்கும். மரக்கறி என்று பெயர் பெற்ற "பெஹெத்தால்" சான்விச்சில்கூட அநேகமாக டூனா மீன் இருக்கும்! எனவே பெயர் சொல்லியே கேட்க வேண்டும். "யேவா ஹமோன்?" என்றால் இதில் ஹமோன் இருக்கிறதா என்று பொருள். அப்படியே மீனுக்கு "யேவா பெஸ்காதோ?", மாட்டிறைச்சிக்கு "யேவா தெர்னேரா?", பன்றிக்கு "யேவா தெர்தோ?".

பள்ளிச் சாப்பாட்டுக்கூடத்துக்குப் பெயர் "கொமெதோர்". அங்கே பிள்ளைக்கு என்ன பரிமாறுகிறார்கள் என்பதை அறிய உங்களுக்கு உரிமை உண்டு. 2011ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டப்படி மாத உணவுப் பட்டியலைப் பெற்றோரிடம் கொடுக்க வேண்டும். கச்சான் போன்றவை ஒத்துக்கொள்ளாத பிள்ளையென்றால் வைத்தியரின் சான்றிதழுடன் போங்கள். மாற்று உணவு தர வேண்டும். அதற்கு வழியில்லாத இடத்தில் வீட்டுச் சாப்பாட்டைக் குளிரில் வைத்துச் சூடாக்கிக் கொடுக்க வசதி செய்ய வேண்டும்.

இதைப் பேசப் பிள்ளையையே மொழிபெயர்ப்பாளராக அனுப்பாதீர்கள். ஆறு வயதுப் பிள்ளை தன் தட்டைப்பற்றி ஆசிரியையிடம் வாதாடாது. நீங்களே போய் "கே ஆ கொமீதோ ஓய்?" என்று கேளுங்கள். இன்று என்ன சாப்பிட்டது என்பதே பொருள். "ஓய்" என்றால் இன்று. யாரையும் அதட்டிக் கூப்பிடுவதாகாது, பயப்படாமல் சொல்லலாம்.

அடுத்த இதழில் மீன் கடைக்குப் போவோம்.