மைக் வாங்க முதல் கொம்பியூட்டரைப் பாருங்கள்



உம்மம்மாவின் தாலாட்டுகளை வீட்டுக் கொம்பியூட்டரில் பதிவு செய்தேன். கேட்டுப் பார்த்தால் இடையிடையே சொற்களைக் காணோம். கடையில் கேட்டதற்கு, "மைக் சரியில்ல டீச்சர், புதுசு எடுங்க" என்றார்கள். எடுத்தேன். அதே வெட்டுத்தான்.

மைக்கில் பிழையே இல்லை. ஒலி செக்கனுக்கு 44,100 மாதிரிகளாக வந்துகொண்டே இருக்கும். கொம்பியூட்டர் அதைப் பஃபரில் கொஞ்சநேரம் வைத்து டிஸ்கில் எழுதும். அந்த நேரம் பார்த்து வைரஸ் ஸ்கேன், விண்டோஸ் அப்டேட் என்று ஏதாவது ஓடினால் பஃபர் நிரம்பி, வருகிற ஒலி தவறிவிடும். தவறியது தவறியதுதான், எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. நான் நேரடியாகப் பென் டிரைவில் பதிந்தது வேறு!

பிறகு வைஃபையை நிறுத்தி, உள் டிஸ்கிலேயே பதிந்து, ஒடாசிட்டியில் 100 மில்லிசெக்கனாக இருந்த பஃபரைக் கூட்டினேன். வெட்டு நின்றது. ஒரு சதம் செலவில்லை.

மூத்தவர்களின் குரலைப் பதிகிறவர்கள் காசைக் கொட்ட முதல் பத்து நிமிடம் சும்மா பேசிப் பதிந்து, ஹெட்போனில் முழுவதும் கேளுங்கள். பக்கத்தில் போனிலும் பதிவு ஓடட்டும். இதைச் செய்யாமல் அவர்களை உட்காரவைப்பது சரியில்லை என்பேன்.

இரண்டாம் முறை பதியும்போது உம்மம்மாவுக்கு ஒரு பாட்டு நினைவுக்கு வரவேயில்லை. முதல் பதிவில் இருக்கிறது, அரைகுறையாக.