எம்.பி. மூணு நிமிஷம் பேசினார்... அப்புறம் என்ன ஆச்சு? குமரி மாவட்டமும் நாடாளுமன்றப் பேச்சும்

நாடாளுமன்றக் கூட்டத்தொடர் நடக்கும் நாட்களில் குமரி மாவட்ட வாட்ஸ்அப் குரூப்களில் இந்த மாதிரி வீடியோ ஒன்று கண்டிப்பாகச் சுற்றும். எம்.பி. எழுந்து நிற்பார். நாகர்கோவில், இரணியல், குழித்துறை என்று ஊர்ப் பெயர்கள் டெல்லியில் ஒலிக்கும். பின்னணியில் மாஸ் பிஜிஎம். ஒன்றிரண்டு நிமிடத்தில் மைக் அடுத்தவருக்குப் போய்விடும், வீடியோவும் முடிந்துவிடும். கீழே யாராவது ஒருத்தர் கேட்பார்: "சரி, அப்புறம் என்ன ஆச்சு?"

நியாயமான கேள்விதான். இதற்கான பதில், எம்.பி. எவ்வளவு ஆவேசமாகப் பேசினார் என்பதில் இல்லை. அவர் எந்த விதியின் கீழ் பேசினார் என்பதில்தான் இருக்கிறது.

பேசலாம், பதில் கேட்க முடியாது

வைரல் ஆகும் வீடியோக்களில் பெரும்பாலானவை ஜீரோ ஹவர் பேச்சுகள். இந்த ஜீரோ ஹவர் என்ற சொல் இரு அவைகளின் விதிப் புத்தகத்திலும் கிடையாது. 1960-களில் பழக்கமாக ஆரம்பித்து, அப்படியே நிலைத்துவிட்டது. மக்களவையில் கேள்வி நேரம் முடிந்து பகல் 12 மணிக்கு வரும். மாநிலங்களவையில் காலை 11 மணிக்கே வந்துவிடும். அங்கே ஒருவருக்கு மூன்று நிமிடம். மக்களவையில் நோட்டீஸ்கள் நிறைய வந்தால் குலுக்கல் போட்டுத்தான் யார் பேசுவது என்று முடிவாகும்.

சிக்கல் என்னவென்றால், இதில் அமைச்சர் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அவரே விரும்பி எழுந்து பேசினால் உண்டு. இல்லாவிட்டால் பேச்சின் பகுதி சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்படும், அவ்வளவுதான்.

மக்களவையின் விதி 377 வேறு மாதிரி. 250 சொற்களுக்குள் எழுதி, முன்கூட்டியே ஒப்புதல் வாங்கி, அப்படியே வாசிக்க வேண்டும். மாநிலங்களவையில் இதற்கு இணையானது சிறப்புக் கவன ஈர்ப்பு. கேட்கச் சப்பென்று இருக்கும், ரீல்ஸுக்குத் தேறாது. அவையில் அமளி என்றால் வாசிக்காமலேயே தாக்கல் ஆனதாகக் கணக்கு வைத்துவிடுவார்கள். ஆனால் இதற்குத் துறை அமைச்சரிடமிருந்து எம்.பி.க்கு எழுத்தில் பதில் வரும்.

இதைவிடக் கனமானது கேள்வி. மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகள் பட்டியலில் இருக்கும். அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும், துணைக்கேள்வியும் கேட்கலாம். நடைமுறையில் ஐந்தாறு கேள்விக்குள்ளேயே ஒரு மணி நேரம் ஓடிவிடும். மீதிக்கும், நட்சத்திரம் இல்லாத 230 கேள்விகளுக்கும் எழுத்துப்பூர்வ பதில் மட்டும்.

அயர்லாந்திடம் வாங்கியதும் விட்டதும்

டி.என்.பி.எஸ்.சி.க்குப் படித்தவர்களுக்கு இது மனப்பாடமாக இருக்கும்: மாநிலங்களவைக்கு நியமன உறுப்பினர்கள் என்ற யோசனை அயர்லாந்து அரசமைப்பிலிருந்து வந்தது. அந்த நாட்டு மேலவையின் பெயர் சானட், உறுப்பினர்கள் 60 பேர். 'எதற்கு இந்த அவை, கலைத்துவிடலாமா?' என்று 2013 அக்டோபரில் பொதுவாக்கெடுப்பே நடத்தினார்கள். சுமார் 52 சதவீதம் பேர் 'வேண்டாம், இருக்கட்டும்' என்று சொன்னதால் தப்பித்தது.

அந்த அவையில் ஒரு வழக்கம் உண்டு. அன்றைய கூட்டம் தொடங்கியதும், தேர்வான சில செனட்டர்கள் குறிப்பிட்ட ஒரு பிரச்சினையை எழுப்புவார்கள். ஏதோ ஒரு ஊரில் மருத்துவமனைப் படுக்கை போதவில்லை, பள்ளிக் கட்டடம் தாமதம், பஸ் வரவில்லை மாதிரியான விஷயங்கள்தான். அதற்கு அரசுத் தரப்பில் ஒரு அமைச்சர் அங்கேயே வந்து பதில் சொல்ல வேண்டும். சம்பந்தமே இல்லாத துறையின் இணை அமைச்சர் வந்து, அதிகாரிகள் எழுதிக் கொடுத்ததை வாசித்துவிட்டுப் போகிறார் என்ற புலம்பல் அங்கேயும் இருக்கிறது. ஆனாலும் ஒரு ஊர்ப் பிரச்சினைக்கு அன்றைக்கே அரசின் பதில் அவைக்குறிப்பில் ஏறிவிடுகிறது. நியமன உறுப்பினர் யோசனையை வாங்கிய நம்மிடம் ஜீரோ ஹவருக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை.

கேள்வியே கேட்காத எம்.பி.

எம்.பி.க்களின் செயல்பாட்டை விவாத எண்ணிக்கை, கேள்வி எண்ணிக்கை என்று மார்க் ஷீட் போட்டுப் பகிர்வது இப்போது டிரெண்ட். அந்த அளவுகோலைக் குமரியில் வைத்துப் பார்த்தால் கொஞ்சம் குழப்பும்.

2014 முதல் 2019 வரை கன்னியாகுமரி எம்.பி.யாக இருந்தவர் பா.ஜ.க.வின் பொன்.ராதாகிருஷ்ணன். அவர் ஒன்றிய இணை அமைச்சர். அமைச்சர்கள் கேள்வி கேட்க மாட்டார்கள், ஜீரோ ஹவரிலும் எழ மாட்டார்கள். மார்க் ஷீட்டில் அந்த இடம் காலி. ஆனால் மார்த்தாண்டம், பார்வதிபுரம் மேம்பாலங்கள் கட்டப்பட்டது அந்தக் காலத்தில்தான். சாலைப் போக்குவரத்துத் துறையே அவர் கையில் சில காலம் இருந்தது.

அதே காலத்தில்தான் ஒக்கி புயலும் வந்தது. 2017 நவம்பர் கடைசியில் குமரி மீனவர்கள் கடலில் தத்தளித்தபோது நாடாளுமன்றமே கூடவில்லை. குளிர்காலக் கூட்டத்தொடர் தொடங்கியது டிசம்பர் 15-ம் தேதி. தேடுதல் ஏன் தாமதம் என்று கேட்க, அந்த இரண்டு வாரமும் டெல்லியில் அவையே கிடையாது.

அடுத்து வந்த காங்கிரஸ் எம்.பி. எச்.வசந்தகுமார் 2020 ஆகஸ்ட் 28-ல் கொரோனாவால் இறந்தார். அவருடைய மகன் விஜய் வசந்த் இடைத்தேர்தலில் வென்றது 2021 மே 2-ல். நடுவில் எட்டு மாதம் மக்களவையில் குமரிக்கு ஆளே இல்லை. அந்த செப்டம்பர் கூட்டத்தொடரில் கேள்வி நேரத்தையும் ரத்து செய்திருந்தார்கள்.

இங்கேதான் மாநிலங்களவை உறுப்பினர் முக்கியம் ஆகிறார். அவருக்குத் தொகுதி கிடையாது, மொத்த மாநிலமும் அவருடையது. தொகுதி மேம்பாட்டு நிதியைக்கூட மாநிலத்தின் எந்த மாவட்டத்திலும் செலவழிக்கலாம். அப்போது குமரியைச் சேர்ந்த அ.தி.மு.க.வின் ஏ.விஜயகுமார் மாநிலங்களவையில் இருந்தார். அவருடைய பதவிக்காலம் 2016 முதல் 2022 வரை. தமிழ்நாட்டுக்கு அங்கே 18 இடங்கள். 'நம்ம எம்.பி.' என்றால் ஒருத்தர்தான் என்று நினைத்து, மீதி 18 பேரிடம் மனு கொடுக்கவே மறந்துவிடுகிறோம்.

மண் இங்கே, கோட்டம் அங்கே

இன்று மக்களவையில் இருப்பவர் விஜய் வசந்த், 2024-லும் ஜெயித்தவர். ரயில், நான்குவழிச் சாலை, மீனவர் பாதுகாப்பு என்று அவர் எழுப்பிய விஷயங்களில் பல, அவருக்கு முன்னால் இருந்தவர்களும் எழுப்பியவைதான். குறிப்பாக ரயில்.

1956 நவம்பர் 1-ல் குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதற்காக டெல்லி வரை குரல் கொடுத்தவர் அன்றைய நாகர்கோவில் எம்.பி. நேசமணி. 1979-ல் திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்கு ரயில் வந்தது. அதே ஆண்டு மதுரைக் கோட்டத்தைப் பிரித்துத் திருவனந்தபுரம் கோட்டம் உருவானது, குமரித் தடம் அதற்குள் போனது. இன்றைக்கும் திருநெல்வேலிக்குச் சற்று முன்னால் மேலப்பாளையம் வரை அந்தக் கோட்டம்தான். ஒரு நடைமேடைக்குக் கூரை வேண்டுமென்றாலும் கோப்பு திருவனந்தபுரத்துக்குத்தான் போகும்.

'மதுரைக் கோட்டத்தோடு சேருங்கள்' என்பது இங்கே பல வருடக் கோரிக்கை. கோட்ட எல்லை மாநில எல்லையைப் பார்த்துப் போடுவதல்ல என்பது ரயில்வேயின் வாதம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. குழித்துறையில் காலை ரயில் ஏறும் பலருக்கு வேலையும் ஆஸ்பத்திரியும் திருவனந்தபுரத்தில்தான்.

ஆனால் எல்லை மாறவே மாறாதா? மாறியிருக்கிறது. 2007 நவம்பரில் பாலக்காடு கோட்டத்தை உடைத்து சேலம் கோட்டம் வந்தது. கேரள எம்.பி.க்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அப்போது ஒன்றிய ஆட்சியில் தி.மு.க.வும் பா.ம.க.வும் இருந்தன, ரயில்வே இணை அமைச்சர் பா.ம.க.வின் ஆர்.வேலு. ஜீரோ ஹவர் பேச்சால் மட்டும் நடந்த காரியம் இல்லை அது, கூட்டணி பலத்தில் நடந்தது. இன்று குமரி எம்.பி. எதிர்க்கட்சி வரிசையில் இருக்கிறார். அவர் கையில் இருப்பது கேள்வித்தாளும் 250 சொற்களும்தான்.

அதனாலேயே அவற்றை எப்படிப் பயன்படுத்துகிறார் என்பதில் நிறைய இருக்கிறது. திருவனந்தபுரம் – கன்னியாகுமரி இரட்டைப் பாதை சுமார் 87 கி.மீ. 2015-16-ல் ஒப்புதல் ஆன திட்டம். மறுபக்கம் மணியாச்சி – நாகர்கோவில் இரட்டைப் பாதை 2024 பிப்ரவரி 28-ல் திறக்கப்பட்டுவிட்டது. இந்தப் பக்கம் அப்போதும் முடியவில்லை. 'சீக்கிரம் முடியுங்கள்' என்று ஜீரோ ஹவரில் கேட்டால் அது கோரிக்கை. 'எந்தக் கிராமத்தில் எவ்வளவு நிலம் பாக்கி, யாரிடம் பாக்கி, எந்தத் தேதிக்குள்?' என்று எழுத்தில் கேட்டால் துறை எண்களோடு பதில் தந்தாக வேண்டும்.

'பரிசீலனையில் உள்ளது' என்றால்?

அமைச்சர்களின் பதிலில் நமக்கு எரிச்சலூட்டும் சொல் இது. தட்டிக்கழிக்கிறார்கள் என்றுதான் தோன்றும். ஆனால் அவை நடைமுறையில் 'பரிசீலனையில் உள்ளது', 'விசாரித்துப் பார்க்கிறேன்' போன்ற சொற்கள் வாக்குறுதியாகக் கணக்கில் எடுக்கப்படும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், முடியாவிட்டால் கூடுதல் அவகாசம் கேட்க வேண்டும். இதைத் துரத்துவதற்கென்றே இரு அவைகளிலும் அரசு உறுதிமொழிக் குழு தனித்தனியாக இருக்கிறது. வருடக்கணக்கில் இழுபடும் உறுதிமொழிகளும் உண்டு. ஆனாலும் அவை பட்டியலில் இருக்கும், அதிகாரிகளைக் கூப்பிட்டுக் கேட்க முடியும். அமைச்சர் வாயே திறக்காத ஜீரோ ஹவர் பேச்சில் உறுதிமொழி என்று எடுக்க எதுவும் இருக்காது.

நாடாளுமன்றத்தின் சன்சத் இணையதளத்தில் உறுப்பினர் பெயரையும் துறையையும் கொடுத்தால், கேள்வியும் பதிலும் பிடிஎஃப் ஆக வரும். அடுத்த முறை குரூப்பில் வீடியோ வந்தால், அதே பெயரைப் போட்டு, ரயில்வே துறையைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். அந்த வீடியோவில் கேட்ட அதே விஷயம் எழுத்திலும் கேட்கப்பட்டிருக்கிறதா என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.