கிரவுன் ஆயிலும் சுண்ணாம்புத் தூசியும்

லாரிக்கு இன்ஜின் ஆயில் மாற்றாத ஓனரை அரியலூரில் வலை போட்டுத் தேடினாலும் பிடிக்க முடியாது. ஆனால் பின் சக்கரங்களுக்கு நடுவில் பானை மாதிரி தொங்குகிறதே டிஃபரன்ஷியல், அதில் கடைசியாக எப்போது ஆயில் மாற்றினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். தலையைச் சொறிவார்கள்! "சத்தம் வரலை, ஒழுகலை, அப்புறம் எதுக்கு?" என்பதுதான் வழக்கமான பதில்.

வேறு ஊரில் இந்தப் பதில் கொஞ்ச நாள் செல்லும். பெரம்பலூர், அரியலூர் பக்கம் செல்லாது. காரணம் தூசி. கல்லங்குறிச்சி சுண்ணாம்புக்கல், சுமார் 7 கோடி வருடத்துக்கு முன் இங்கே கடல் இருந்தபோது சேர்ந்த சிப்பிகள் நிறைந்தது. அந்தக் கல்லை ஏற்றி டிப்பர்கள் சிமெண்ட் ஆலைகளுக்கு ஓடுகின்றன. ரோட்டோரப் புளியமரமே வெள்ளையாக நிற்கும்போது லாரியின் அடிப்பக்கம் மட்டும் தப்புமா?

ஆக்சில் ஹவுசிங்கின் மேலே பிரீதர் என்று சின்னதாக ஒரு மூச்சுக்குழாய் உண்டு. வண்டி ஓடி ஆயில் சூடானால் உள்ளே விரியும் காற்று அதன் வழியாகத்தான் வெளியேறும். தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து அதை அடைத்துவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, ஆயில் சீலைத் தாண்டிக் கசியும். சக்கரப் பக்க சீலில் கசிந்தால் பிரேக் டிரம்முக்குள் போய் லைனரை நனைக்கும். கல் ஏற்றிய டிப்பர் பள்ளிக்கூட வாசலில் பிரேக் பிடிக்காமல் போவது இப்படியும் நடக்கலாம். கிலோமீட்டர் கணக்கை மட்டும் பார்ப்பவர்கள் இதை யோசிப்பதில்லை.

ஆகவே ஒரு வண்டி வைத்துத் தானே ஓட்டுபவர், குட்டி யானையோ பெரிய லாரியோ, இந்த வேலையை வீட்டு வாசலிலேயே செய்வது நல்லது. கூலி மிச்சம் என்பது சின்ன விஷயம். பட்டறையில் விட்டாலும் ஆயில் மாறிவிடும். ஆனால் டிரெயின் போல்ட்டின் காந்தத்தில் என்ன ஒட்டியிருந்தது என்று ஓனருக்குத் தெரியாது. மை மாதிரி நைஸான பசை இருந்தால் பயமில்லை. கையில் குத்துகிற இரும்புச் சில்லு இருந்தால் கிரவுனோ பினியனோ பேரிங்கோ போய்க்கொண்டிருக்கிறது. அப்போது மெக்கானிக்கிடம் போகத்தான் வேண்டும்.

வேலை கஷ்டமில்லை. கொஞ்ச தூரம் ஓட்டி ஆயிலை இளக்கி, சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுப்பது தற்கொலை முயற்சி. முதலில் கழற்ற வேண்டியது மேலே உள்ள ஆயில் ஊற்றும் போல்ட். கீழே வடித்துவிட்டு மேலே துரு பிடித்துச் சுழலவில்லை என்றால் வண்டி வாசலிலேயே நிற்கும்!! வடிந்த பிறகு புது வாஷர் போட்டு மூடி, கம்பெனி புத்தகம் சொல்கிற கிரேடை (பல வண்டிகளுக்கு ஜிஎல்-5) மேல் துவாரத்தின் விளிம்பு வரை ஊற்றினால் போதும். கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று ஜிஎல்-4 கொடுத்தால் வாங்காதீர்கள். பிரீதரைக் கழற்றி டீசலில் கழுவுவதும் இதே நேரத்தில்தான்.

வீட்டில் செய்பவர்கள் பெரும்பாலும் தப்பு செய்வது அதற்கப்புறம். வடித்த ஆயிலை வேலியோரம் கொட்டுவது, கரையானுக்கு நல்லது என்று மரத்தடியில் ஊற்றுவது. பக்கத்திலேயே பருத்தியும் மக்காச்சோளமும் கிணறும் இருக்கின்றன. 2016 விதிகளின்படி பழைய ஆயில் அபாயகரமான கழிவு. மூடியுள்ள கேனில் பிடித்து, அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரருக்கு அனுப்பும் பட்டறையில் கொடுக்கலாம்.