எரிந்த நெய் எங்கே போயிற்று?

பஞ்சபூதத் தலங்களில் காளஹஸ்தி வாயுவுக்கு உரியது. காற்றுப் புக வழியில்லாத அந்தக் கருவறையில் ஒரு தீபத்தின் சுடர் மட்டும் அசைந்துகொண்டே இருக்கும் என்பார்கள். இறைவன் வாயு வடிவில் இருப்பதற்கு அதுவே அடையாளம் என்பது பக்தர்களின் நம்பிக்கை. அந்த வழக்கில் நான் தலையிடப் போவதில்லை. என் கேள்வி வேறு. சுடர் ஏன் ஆடுகிறது என்று கேட்பவர்கள், விளக்கில் இருந்த நெய் எங்கே போயிற்று என்று கேட்பதில்லையே, ஏன்?

தமிழே இதற்குக் காரணமாக இருக்கலாம். 'எரிந்து போயிற்று' என்கிறோம். 'போயிற்று' என்று சொன்னதும் கணக்கு முடிந்துவிடுகிறது.

இந்தக் கணக்கைத் திறந்தவர் பிரான்ஸின் லவாய்சியர். அவருக்கு நூறு ஆண்டுகள் முன்பே, 1673-ல், இங்கிலாந்தின் ராபர்ட் பாயில் மூடிய கண்ணாடிக் குடுவையில் உலோகத்தைச் சூடாக்கிப் பார்த்ததை எழுதினார். குடுவையைத் திறந்து எடை போட்டார். உலோகத்தின் எடை கூடியிருந்தது. தீயின் துகள்கள் கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டன என்று முடிவு கட்டினார். 1774-ல் லவாய்சியர் வெள்ளீயத்தை வைத்து அதையே செய்தார், ஒரே ஒரு மாற்றத்துடன்: குடுவையைத் திறப்பதற்கு முன்பே எடை போட்டார். இம்மியும் கூடவில்லை. திறந்தார், வெளிக்காற்று உள்ளே பாய்ந்தது. அதற்குப் பிறகுதான் எடை ஏறியது. தீ எதையும் கொண்டுவரவில்லை. உலோகம் உள்ளிருந்த காற்றைத் தின்றிருக்கிறது, அந்த வெற்றிடத்தில்தான் புதுக்காற்று நுழைந்திருக்கிறது. பாயில் சாதாரண ஆள் அல்ல. திறப்பதற்கு முன்பா, பின்பா என்பதில்தான் ஒரு நூற்றாண்டு போய்விட்டது. இதையே பொது விதியாக லவாய்சியர் எழுதியது 1789-ல், தம் வேதியியல் நூலில், திராட்சை ரசம் புளித்து மதுவாவதைப் பேசும் இடத்தில்!

நம் பாடநூல்கள் இதைப் பொருண்மை அழியா விதி என்கின்றன. இல்லாதது தோன்றாது, உள்ளது அழியாது என்று சைவ சித்தாந்தம் அன்றே சொல்லிவிட்டதே என்று மார்தட்ட ஆள் வரும். அது தர்க்கம், ஐயா. இது தராசு. இரண்டையும் குழப்பினால் இரண்டுக்கும் கேடு.

காற்றுக்கு எடை உண்டு என்று நாம் படித்திருக்கிறோம், ஆனால் நம்புவதில்லை. பத்துக்குப் பத்து அறை, பத்தடி உயரம். அதற்குள் இருக்கும் காற்று சுமார் 33 கிலோ. ஒரு மூட்டை அரிசியைவிட அதிகம். விளக்கு இதிலிருந்துதான் கடன் வாங்குகிறது. ஒரு கிலோ நெய் முழுதாக எரிய ஏறக்குறைய 2.9 கிலோ பிராணவாயு வேண்டும். எரிந்தபின் கிடைப்பது சுமார் 2.8 கிலோ கரியமில வாயு, ஒரு கிலோவுக்குச் சற்றே அதிகமான நீராவி. கூட்டிப் பாருங்கள், வரவும் செலவும் சரியாக இருக்கும். உங்கள் சமையலறையில் தீர்ந்துபோகும் 14.2 கிலோ கேஸ் சிலிண்டரும் அப்படியே: 42 கிலோவுக்கு மேல் கரியமில வாயுவாக வீட்டை விட்டு வெளியேறியிருக்கிறது. நெய்யில் இருந்த கரி, மாடு தின்ற புல் வழியாகக் காற்றிலிருந்து வந்தது. வந்த இடத்துக்கே திரும்புகிறது. சிலிண்டரில் இருப்பதோ பல கோடி ஆண்டுகள் பூமிக்கடியில் பூட்டிக் கிடந்த கரி.

இதை அறியாமல் நாம் பிழைத்துவிடலாம், குப்பை விஷயத்தில் மட்டும் முடியாது. தெருமுனையில் பத்துக் கிலோ குப்பைக்குத் தீ வைக்கிறார்கள். ஒரு கிலோ சாம்பல் மிஞ்சுகிறது. ஒன்பது கிலோ ஒழிந்தது என்று திருப்தி. அந்த ஒன்பது கிலோவும், அது பிடித்துக்கொண்ட பிராணவாயுவும் சேர்ந்து நம் மூக்குக்கு நேரே நிற்கின்றன. செம்புக்காக மின்கம்பியின் உறையை எரிப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த உறை பெரும்பாலும் பி.வி.சி. அதன் மூலப்பொருளின் எடையில் சுமார் 57 சதவீதம் குளோரின். எரியும்போது அது ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாகி, எரிப்பவரின் ஈரத் தொண்டையில் அமிலமாகிறது.

கொச்சி பிரம்மபுரம் குப்பை மேட்டில் 2023 மார்ச் 2-ந் தேதி பிடித்த தீ பத்து நாளுக்கு மேல் புகைந்தது. மக்கள் முகக்கவசத்தோடு நடமாடினார்கள், பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். சென்னையில் 2018 போகியன்று 'பழையன கழித்த' புகை பனியோடு கலந்ததில் விமானிகளுக்கு ஓடுபாதையே தெரியவில்லை. பல விமானங்கள் வேறு ஊர்களில் போய் இறங்கின.