பத்து ரூபாய்ப் புதையல்

2020 நவம்பரில் நிவர் புயல் கரையேறியது திண்டிவனத்துக்குக் கிழக்கே, மரக்காணத்தை ஒட்டி; பொன் ஒதுங்கியதோ ஆந்திரத்தின் உப்பாடாவில்! சின்னச் சின்னத் தங்க மணிகளுக்காக ஊரே கரையில் குந்தி மணலைக் கிளறியது.

மெட்டல் டிடெக்டர் இப்போது இணையத்திலேயே கிடைக்கிறது. ஆனால் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்த பொருள் பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே (இன்றைக்கு ஒரு டீக்காசு) ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை.

தொகை கேலிக்கூத்து, சட்டத்தின் நோக்கம் சரியே. சங்க நூலான சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அங்கே காசுக்காகத் தோண்டுபவர் மண்ணடுக்கைக் கலைத்துவிடுவார். பக்கத்து அரிக்கமேட்டில் 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அவ்விடத்தின் காலத்தைக் கணிக்கக் கைகொடுத்தவை இத்தாலியப் பானை ஓடுகள். ஓட்டைக் கண்டு எந்தக் கருவியும் ‘பீப்’ அடிக்காது.