"ஆருட பக்கத்து இரத்தம்?"

ஒரு வீட்டில் பிள்ளைக்குத் தலசீமியா என்று தெரிய வந்தால், ஊர் முதலில் விசாரிப்பது நோயைப் பற்றி அல்ல. "ஆருட பக்கத்து இரத்தம் இது?" என்பதைத்தான். பெரும்பாலும் பதில் உம்மாவின் பக்கம் போய் நிற்கும். இரத்தம் ஏற்றுவதற்கு மாதாமாதம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வைத்தியசாலைக்கு அலைவது போதாதென்று, அந்தப் பெண் இந்தப் பேச்சையும் சுமக்க வேண்டும்.

இந்தக் கேள்வியே பிழை. கடுமையான பீற்றா தலசீமியா வருவதற்குப் பொதுவாகத் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பழுதான பரம்பரையலகுகள் வேண்டும். ஒரு பக்கத்து இரத்தத்தால் மட்டும் அது வருவதில்லை.

கொஞ்சம் படித்தவர்கள் இன்னொரு பிழை விடுகிறார்கள். "ஜீன்ல எழுதியிருக்கு, இனி என்ன செய்ய?" என்று கதையை முடித்துவிடுகிறார்கள். இதைப் பற்றித்தான் இன்று கொஞ்சம் கதைக்க வேண்டும்.

உங்கள் கண்ணின் கலத்திலும் ஈரலின் கலத்திலும் இருப்பது ஒரே டீ.என்.ஏ.தான். புரதம் செய்வதற்கான ஏறக்குறைய 20,000 பரம்பரையலகுகள் இரண்டிலும் இருக்கின்றன. அப்படியானால் ஒன்று கண்ணாகவும் மற்றது ஈரலாகவும் ஆனது எப்படி? எது இருக்கிறது என்பதில் வித்தியாசம் இல்லை. எது வாசிக்கப்படுகிறது என்பதில்தான் வித்தியாசம்.

பாடசாலை நூலகத்தை நினைத்துப் பாருங்கள். எல்லாப் புத்தகமும் அங்கே இருக்கும். ஆனால் சில அலுமாரிகள் திறந்திருக்கும், சில பூட்டியிருக்கும். முளையத்தில் இழையங்கள் உருவாகும்போது கலங்களுக்குள் நடப்பதும் இதுதான். டீ.என்.ஏ.யின் மீது சிறு மெதைல் கூட்டங்கள் ஒட்டுகின்றன. டீ.என்.ஏ. சுற்றப்பட்டிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் இரசாயன அடையாளங்கள் சேர்கின்றன, நீங்குகின்றன. எழுத்து ஒன்றும் மாறுவதில்லை. பூட்டும் திறப்பும்தான் மாறுகின்றன. கலம் பிரியும்போது இந்த அடையாளங்களில் பல அடுத்த கலத்துக்கும் போகின்றன. அதனால்தான் ஈரல் கலம் பிரிந்தால் ஈரல் கலமே வருகிறது. இத்துறைக்கு எபிஜெனடிக்ஸ் என்ற பெயரை 1942இல் வைத்தவர் பிரித்தானிய உயிரியலாளர் கொன்ராட் வொடிங்டன்.

இதற்கும் தலசீமியாவுக்கும் என்ன தொடர்பு? நேரடித் தொடர்பே இருக்கிறது.

கருவில் இருக்கும் பிள்ளையின் ஹீமோகுளோபின் வேறு, நம்முடையது வேறு. பிள்ளை தாயின் இரத்தத்திலிருந்து ஒட்சிசனை இழுத்தெடுக்க வேண்டும். அதற்காக அல்பாவுடன் காமா என்ற புரதம் சேர்ந்து ஹீமோகுளோபின் உண்டாகிறது. பிறந்த பிறகு சில மாதங்களில் காமா பரம்பரையலகு பூட்டப்படுகிறது, பீற்றா அதன் இடத்துக்கு வருகிறது. தலசீமியா உள்ள பிள்ளை பிறக்கும்போது நன்றாக இருப்பதும், ஆறு மாதத்துக்குப் பிறகு வெளிறிப்போகத் தொடங்குவதும் இதனால்தான். காமா போய்விட்டது, வர வேண்டிய பீற்றா பழுது.

இங்கே கவனியுங்கள். அந்தப் பிள்ளையின் உடலில் நல்ல காமா பரம்பரையலகு இன்னமும் இருக்கிறது. அது அழிந்துபோகவில்லை, பூட்டித்தான் கிடக்கிறது.

இந்தப் பூட்டைத் திறக்க ஆய்வாளர்கள் பல தசாப்தங்கள் முயன்றார்கள். டீ.என்.ஏ.யில் மெதைல் கூட்டம் ஒட்டுவதைத் தடுக்கும் அசாசைட்டிடின் என்ற மருந்தை ஒரு தலசீமியா நோயாளிக்குக் கொடுத்தபோது காமா உற்பத்தி கூடியது என்று 1982இல் அறிக்கையிட்டார்கள். ஆனால் அது நச்சுத்தன்மை உள்ள மருந்து. பி.சி.எல்.11ஏ என்ற புரதமே காமாவைப் பூட்டி வைக்கும் முக்கிய காவலாளி என்பது 2008இல் காட்டப்பட்டது. அந்தக் காவலாளியை முழுவதுமாக நீக்க முடியாது, மூளையிலும் நிர்ப்பீடனக் கலங்களிலும் அதற்கு வேலை உண்டு. ஆனால் செங்குருதிக் கலங்கள் உருவாகும் வழியில் மட்டும் அதை இயக்கும் ஓர் ஆளி, அந்தப் பரம்பரையலகுக்குள்ளேயே இருக்கிறது. அந்த ஆளியை மட்டும் வெட்டிவிட்டால் செங்குருதியில் காவல் தளர்கிறது, காமா மீண்டும் திறக்கிறது. இந்த அடிப்படையில் அமைந்த சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரித்தானியா அனுமதி கொடுத்தது.

ஆகவே "எழுதியாச்சு, முடிஞ்சுது" என்பது பிழை. ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் அந்தச் சிகிச்சையின் விலை 22 இலட்சம் டொலர். அதற்கு முன் கடுமையான கீமோதெரபியும் எடுக்க வேண்டும். நம் ஊர்ப் பிள்ளைக்கு அது நாளைக்கே வந்து சேரப் போவதில்லை. இந்த இடைவெளியில்தான் வியாபாரிகள் புகுகிறார்கள். "ஜீனை மாற்றும் பொடி", "ஜீனைத் திறக்கும் ஜூஸ்" என்று விற்பவர்களிடம் ஒன்றைக் கேளுங்கள்: எந்தப் பரம்பரையலகை, எந்த இழையத்தில்? அவர்களிடம் பதில் இருக்காது. கண்டபடி பூட்டுகளைத் திறப்பது நன்மையும் அல்ல. கலம் பிரிவதைத் தூண்டும் பரம்பரையலகு திறக்கக் கூடாத இடத்தில் திறந்தால் புற்றுநோய்க்கும் வழி பிறக்கலாம். இரத்தம் ஏற்றுவதையும் இரும்பை வெளியேற்றும் மருந்தையும் நிறுத்திவிட்டுப் பொடியை நம்புவது பிள்ளையின் உயிரோடு விளையாடுவது.

இன்று நம் கையில் இருப்பது ஓர் இரத்தப் பரிசோதனை. காவியாக இருப்பவர் நோயாளி அல்ல. அவர் படிக்கலாம், உழைக்கலாம், காவி அல்லாத எவரையும் பயமின்றி முடிக்கலாம். இரண்டு காவிகள் சேர்ந்தால்தான் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து. சொந்தத்துக்குள் முடிக்கும் குடும்பங்களில் இருவருமே காவியாக இருக்கும் வாய்ப்பு கூட. அதனால் மாமி மகன், மாமா மகள் என்று பேச்சு எடுக்கும் வீடுகள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

என் கருத்து இதுதான். மஹர் பற்றியும் மண்டபம் பற்றியும் கதைப்பதற்கு முன்னால் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும். திகதி குறித்த பிறகு செய்தால் அது முடிவெடுக்க உதவாது, இரண்டு வீட்டுக்கும் மனவேதனையைத்தான் தரும். அதையும் முதலில் மாப்பிள்ளை செய்யட்டும். அவர் காவி அல்ல என்று உறுதியானால் பெண்ணின் பெயர் இந்தப் பேச்சில் இழுபடவே தேவையில்லை. அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலையில் விசாரியுங்கள். குருநாகலில் தலசீமியாவுக்கென்றே ஒரு நிலையம் இருக்கிறது.

சக ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். பரம்பரையலகுப் பாடத்தை மெண்டலின் பட்டாணியோடும் சதுரக் கட்டங்களோடும் முடித்துவிட வேண்டாம். பூட்டும் திறப்பும் பற்றி பத்து நிமிடம் சொல்லுங்கள். அந்த வகுப்பில் இருக்கும் பிள்ளைகள்தான் இன்னும் பத்து வருடத்தில் உம்மாக்களும் வாப்பாக்களும். "ஆருட பக்கத்து இரத்தம்?" என்று கேட்காத ஒரு தலைமுறையாவது நம்மிடமிருந்து வெளியே போகட்டும்.

வீட்டில் கலியாண வயதில் பிள்ளைகள் இருந்தால் இதை அவர்களிடம் காட்டுங்கள்.