ஏ.சி.யை நிறுத்தினால் பில் ஏறுமா?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள பீனிக்ஸ், பாலைவனத்தில் வளர்ந்த பெருநகரம். 2023 ஜூன் 30 தொடங்கி 31 நாட்கள் அங்கே பகலின் உச்ச வெப்பநிலை 43 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கவே இல்லை. அப்படிப்பட்ட ஊரில் வேரூன்றிய நம்பிக்கை ஒன்று: "வேலைக்குப் போகும்போது ஏ.சி.யை நிறுத்தாதே, 25 டிகிரியில் நாள் முழுக்க ஓடட்டும். நிறுத்திவிட்டு மாலையில் போட்டால்தான் மின்சாரம் அதிகம் செலவாகும்." வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் நம்மவர்களும் இதைக் கேட்டிருப்பார்கள். இதற்குச் சொல்லப்படும் காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதல் காரணம், சூடேறிய வீட்டைத் திரும்பக் குளிர்விக்க மிச்சம் பிடித்ததைவிட அதிக மின்சாரம் வேண்டும் என்பது. வீட்டுக்குள் வெப்பம் எவ்வளவு வேகமாக நுழையும் என்பதைத் தீர்மானிப்பது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசம். வெளியே 43, உள்ளே 25 என்றால் வித்தியாசம் 18 டிகிரி. உள்ளே 30 வரை ஏறவிட்டால் அது 13 டிகிரிதான். சுவர் வழியே கடந்துவரும் வெப்பம் கால்பங்குக்கும் மேல் குறைகிறது. அடியில் ஓட்டையுள்ள குடத்தை நாள் முழுக்க நிரப்பிக்கொண்டே இருப்பவருக்கும், தேவைப்படும்போது மட்டும் நிரப்புபவருக்கும் ஆகும் தண்ணீர்ச் செலவை ஒப்பிட்டால் கணக்கு புரிந்துவிடும். தெர்மோஸ்டாட்டை நாளுக்கு 8 மணி நேரம், வழக்கத்திலிருந்து 4 முதல் 5.5 டிகிரி மாற்றி வைத்தால், வீட்டைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் ஆகும் ஆண்டுச் செலவில் 10 சதவீதம் வரை மிச்சமாகும் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை.

"பாலைவனத்தில் சுவரும் தரையும் சூட்டைக் குடித்து வைத்துக்கொள்ளுமே" என்பது அடுத்த வாதம். உண்மைதான், அந்தச் சூட்டையும் மாலையில் ஏ.சி.தான் வெளியேற்ற வேண்டும். ஆனால், நாள் முழுக்கக் குளிராக வைத்திருந்த வீட்டுக்குள் வந்திருக்கக்கூடிய வெப்பத்தைவிட அது குறைவு. ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மாலை ஐந்து மணி அளவில் வெளிக்காற்று உச்சச் சூட்டில் இருக்கும், அப்போது ஏ.சி.யின் திறன் சற்றுக் குறையும். அதனால் மிச்சம் கொஞ்சம் சுருங்கும். ஒரு மணி நேரம் கடைக்குப் போய்வருபவருக்குப் பெரிய லாபம் இல்லை. எட்டு மணி நேரம் வெளியே இருப்பவருக்கு நிச்சயம் உண்டு.

மூன்றாவது, கம்ப்ரஸர் திணறிப் பழுதாகிவிடும் என்ற பயம். கம்ப்ரஸரை அதிகம் தேய வைப்பது அடிக்கடி நின்று நின்று கிளம்புவதுதான். மாலையில் ஒரே மூச்சில் நீண்ட நேரம் ஓடுவது அதற்குச் சிரமமான வேலையே அல்ல.

கடைசி வாதம்தான் கொஞ்சம் கனமானது: "நான் நிறுத்திப் பார்த்தேன், பில் கூடியதே!" கூடியிருக்கலாம். பீனிக்ஸில் மின்சாரம் வழங்கும் நிறுவனங்களில் ஒன்றான ஏ.பி.எஸ்.ஸின் நேரவாரிக் கட்டணத் திட்டங்களில், வார நாட்களில் மாலை 4 முதல் 7 வரை யூனிட்டுக்கு விலை அதிகம். சில திட்டங்களில், அந்த உச்ச நேரத்தில் மிக அதிகமாக மின்சாரம் இழுத்த ஒரு மணி நேரத்துக்கென்று தனிக் கட்டணமும் உண்டு. ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்து ஏ.சி.யை முடுக்கினால் யூனிட் குறைந்திருக்கும், டாலர் ஏறியிருக்கும். அதற்காக நாள் முழுக்க ஓட்ட வேண்டியதில்லை. பகலில் 29, 30 டிகிரியில் விட்டுவிட்டு, நாலு மணிக்கு முன்பே நன்றாகக் குளிர்வித்து, நாலு முதல் ஏழு வரை மறுபடி இரண்டு டிகிரி ஏற்றி வைத்தால் போதும். நேரம் குறித்து வைக்கும் தெர்மோஸ்டாட் இதைத் தானே செய்துவிடும். அந்த மூன்று மணி நேரத்தில் ஆள் இருக்கும் அறையில் மின்விசிறி சுழன்றால் இரண்டு டிகிரி கூடுதல் தெரியாது. ஆள் இல்லாத அறையில் விசிறி வீண். அது உடம்பைத்தான் குளிர்விக்கும், அறையை அல்ல.

முதியவர், குழந்தை, நாய், பூனை இருக்கும் வீட்டில் மட்டும் இந்தச் சிக்கனம் கூடாது. பீனிக்ஸ் அடங்கிய மரிகோப்பா மாவட்டத்தில் 2023-ல் மட்டும் வெப்பம் தொடர்பாக 645 பேர் இறந்தார்கள்.

உண்மையான விரயம் பரணில் நடக்கிறது. அந்த ஊர் வீடுகள் பலவற்றில் குளிர்காற்றுக் குழாய்கள் ஓட்டுக்கும் உட்கூரைக்கும் நடுவே போகின்றன. கோடைப் பிற்பகலில் அந்த இடத்தின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். ஒரு சராசரி அமெரிக்க வீட்டில், குழாயில் போகும் காற்றில் 20 முதல் 30 சதவீதம் கசிவிலேயே போய்விடுகிறது. ஏ.சி.யை நிறுத்தலாமா என்று விவாதிப்பவர்கள் முதலில் ஆள் வைத்து அந்தக் கசிவை அடைக்கட்டும். மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு வெளிப்புறம் ஒரு வெயில் திரையும் போடட்டும்.